நெட்டைச் சொற்களும் மொட்டை அறிவும்



கூத்தாநல்லூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றின் ஆண்டுவிழாவைக் காணும் வாய்ப்பு எமக்கு நேர்ந்தது. எந்தப் பள்ளி என்பது இங்கு வேண்டா; அஃது ஒரு பள்ளியின் குற்றமன்று, இக்காலத்தின் குற்றம். ஒன்பது அகவைச் சிறுமி ஒருத்தி மேடையேறினாள். ஆங்கிலத்தின் மிக நீண்ட சொல்லென்று கூறி, நாற்பத்தைந்து எழுத்துள்ள ஒரு சொல்லை ஒரே மூச்சில் முழக்கினாள். அதன்பின், ஒரே ஈற்றெழுத்துகளைக் கொண்டு முடியும் நெடுஞ்சொற்களைப் பத்துப் பத்தாக அடுக்கினாள். அரங்கம் அதிரக் கைதட்டியது. பெற்றோர் கண்களில் நீர் துளித்தது.

விழா முடிந்தபின் அச்சிறுமியை அழைத்து, "அம்மா, நீ சொன்ன சொற்களுக்குப் பொருள் என்ன?" என்று கேட்டோம். "பொருள் தேர்வில் வராதுங்க, ஐயா" என்றாள். அக்குழந்தை பொய் சொல்லவில்லை.

அருகில் நின்ற அவள் தந்தையின் சட்டையிலிருந்து ஒரு நெடி வீசியது. "வயலிலிருந்து வருகிறீர்களா?" என்றோம். "ஆமாங்க, ஐயா. குருத்துப்பூச்சி விழுந்துவிட்டது. மருந்தடித்துவிட்டு நேரே வருகிறேன்" என்றார். "என்ன மருந்து?" என்றதற்கு, "பெயர் வாயில் நுழையாதுங்க. கடைக்காரர் கொடுத்தார். குப்பியைப் பார்த்தால் அடையாளம் தெரியும்" என்றார். மறுநாள் அக்குப்பியைக் கண்டோம். அதன்மேல் எழுதியிருந்தது குளோர்பைரிபாசு.

மகள் மேடையில் நாற்பத்தைந்து எழுத்துச் சொல்லை ஒப்பித்துக்கொண்டிருக்க, தந்தையின் தோலில் ஒரு நெடுஞ்சொல் ஊறிக்கொண்டிருந்தது. இருவருக்குமே தத்தம் சொல்லின் பொருள் தெரியாது. இதனினும் இரங்கத்தக்க காட்சி வேறுண்டோ?

கூத்தாநல்லூர் அறியாமை மண்டிய ஊரன்று. வெண்ணாற்றுப் பாய்ச்சலில் நெல்விளையும் நாட்டின் நடுவே இருந்துகொண்டு, மலையாவுக்கும் சிங்கப்பூருக்கும் தலைமுறை தலைமுறையாகத் தன் மக்களை அனுப்பிப் பொருளீட்டிய வணிகப் பேரூர். 'சின்னச் சிங்கப்பூர்' என்றே அக்கம்பக்கத்தார் அதனை அழைப்பர். கடல் கடந்து பிழைத்தவர்க்கு ஆங்கிலத்தின் பயன் தெரியும். யாமும் அதனை மறுப்பவரல்லேம். எத்துணை மொழியும் கற்க. அவற்றுள் ஆங்கிலமும் ஒன்றாகுக. ஆனால் கற்பது வேறு. கிளிப்பிள்ளையாய் ஒப்பிப்பது வேறு. பொருளறியாது ஒப்பிக்கும் சொல் அறிவன்று, சுமை. அச்சுமையையே பெருமையென்று எண்ணுவது அடிமை மனப்பான்மை.

அந்த நாற்பத்தைந்து எழுத்துச் சொல்லைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். நியூமோனோ - அல்ட்ரா - மைக்குரோச்கோபிக்கு - சிலிக்கோ - வால்கேனோ - கோனியோ - ஓசிசு. நியூமோனோ என்றால் நுரையீரல். அல்ட்ரா என்றால் அப்பாற்பட்ட. மைக்குரோச்கோபிக்கு என்றால் நுண்ணோக்கியாற் காணத்தக்க. சிலிக்கோ என்பது மணலிலும் கல்லிலும் உள்ள சிலிக்காவைக் குறிப்பது. வால்கேனோ எரிமலை. கோனியோ தூள். ஓசிசு என்னும் ஈறு நோய்நிலையைக் குறிப்பது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால், எரிமலையின் மிக நுண்ணிய கற்றூளை மூச்சில் இழுப்பதால் வரும் நுரையீரல் நோய் என்பதே பொருள். ஏழு துண்டுகளைக் கோத்த மாலை அது. மலையைக் கண்டு மலைத்தோம். அருகிற் சென்றால் ஏழு கூழாங்கற்கள்!

அச்சொல் பிறந்த கதை இன்னும் வேடிக்கையானது. எந்த மருத்துவரும் எந்த நோயாளிக்காகவும் அதனைப் படைக்கவில்லை. 1935-இல் அமெரிக்கச் சொற்புதிர் விளையாட்டாளர் கழகத்தின் தலைவராயிருந்த எவரெட்டு சுமித்து என்பார், அகரமுதலிகளிலேயே மிக நீண்ட சொல்லாக இருக்கட்டும் என்று விளையாட்டாகக் கட்டிவிட்ட சொல் அது. பிறகு அகரமுதலிகளிலும் ஏறிவிட்டது. நோயோ விளையாட்டன்று. கல்லுடைப்போரையும் கல்லரைக்கும் ஆலைத் தொழிலாளரையும் மூச்சுத்திணற வைத்துக் கொல்லும் உண்மை நோய் அது. மருத்துவர் அதனைச் சிலிக்கோசிசு என்று சுருக்கமாகவே சொல்வர். தமிழில் கற்றூள் நுரையீரல் நோய் என்றால், கல்லுடைக்கும் தொழிலாளி அப்போதே மூக்கில் துணியைக் கட்டிக்கொள்வான். நாற்பத்தைந்து எழுத்து செய்யாத வேலையை அம்மூன்று சொற்கள் செய்துவிடும்.

இத்தகைய நெட்டைச் சொற்கள் வேறும் உள. இருபத்தொன்பது எழுத்தில் பிளாக்சி - நாசி - நிகிலி - பிலி - பிக்கேசன் என்றொரு சொல். 1741 முதலே ஆங்கில எழுத்தில் காணப்படுவது. 2018 அக்டோபரில் நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூர் தம் நூலொன்றை அறிவிக்கையில் அதனைப் பயன்படுத்தவே, நாடு முழுதும் படித்தோர் நாக்கைச் சுழற்றிச் சுழற்றிப் பயிற்சி செய்தனர். பொருள் என்ன? 'அற்பம், ஒன்றுமில்லை' என்னும் கருத்துடைய நான்கு இலத்தீனச் சொற்களை வரிசையாகக் கோத்து, 'மதியாமை' என்று சொல்வதே அது. நம் பாட்டியர் அதனைத் 'துரும்பாக எண்ணுதல்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவர். இருபத்தெட்டு எழுத்தில் இன்னொன்று உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையை அரசினின்று பிரிக்கக் கூடாது என்ற கொள்கைக்குப் பெயர் அது. அத்திருச்சபைக்கும் மன்னார்குடி வயலுக்கும் என்ன தொடர்பு? ஆயினும் நம் பிள்ளைகள் அதனையும் ஒப்பிக்கின்றனர்.

இச்சொற்களின் உறுப்புகளுள் பெரும்பாலன ஆங்கிலமே அல்ல. கிரேக்கமும் இலத்தீனமும் ஈந்த துண்டுகள் அவை. பண்டைக் கிரேக்கச் சிறுவனுக்கு அத்துண்டுகள் வீட்டுச் சொற்கள். ஆங்கிலேயனுக்கு அவை இரவற் சொற்கள். நமக்கோ இரவலின் இரவல். ஆங்கிலேயனே அகரமுதலியைப் புரட்டிப் பொருளறியும் சொல்லை, நம் குழந்தை பொருளின்றிச் சுமக்கிறது.

ஒரே ஈற்றெழுத்துகளை உடைய சொற்களை அச்சிறுமி அடுக்கினாளன்றோ? அவ்வீறுகள் வெறும் ஓசையல்ல. ஒவ்வோர் ஈறும் ஒரு பொருளுடையது. அதனை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால், அவள் ஒப்பித்த நூறு சொற்களும் ஒரு நாழிகையில் விளங்கியிருக்கும். ஐட்டிசு என்று முடிந்தால் அழற்சி: அப்பெண்டிசைட்டிசு குடல்வால் அழற்சி; ஆர்த்திரைட்டிசு மூட்டழற்சி; எப்பட்டைட்டிசு கல்லீரல் அழற்சி; காச்டிரைட்டிசு இரைப்பை அழற்சி; டெர்மட்டைட்டிசு தோல் அழற்சி. எக்டமி என்று முடிந்தால் வெட்டி நீக்கல். ஆச்டமி என்று முடிந்தால் புதிதாக ஒரு வாய் திறத்தல். கோலெக்டமி என்றால் பெருங்குடலை வெட்டி நீக்குவது. கோலாச்டமி என்றால் பெருங்குடலுக்கு வயிற்றின் புறத்தே வாய் திறந்துவிடுவது. ஓரிரு எழுத்து வேறுபாட்டில் ஒருவன் வாழ்நாள் முழுதும் மாறிவிடுகிறது. ஆனால் நம் மக்கள் அறுவைக்கு முன் நீட்டப்படும் இசைவுத்தாளில், எது எதுவென்று அறியாமலே கைந்நாட்டு வைக்கின்றனர்.

முன்னொட்டிலும் இவ்வாறே. ஐப்பர் என்றால் மிகை. ஐப்போ என்றால் குறை. குருதியில் இனிப்பு மிகுந்தால் ஐப்பர்கிளைசீமியா, குறைந்தால் ஐப்போகிளைசீமியா. முதலதில் இனிப்புக் கொடுத்தால் கேடு; மற்றதில் கொடுக்காவிட்டால் உயிர்க்கே கேடு. நடுவில் நிற்பது ஒரே ஓர் அசை! மிகை, குறை என்னும் இரண்டு தமிழ்ச்சொற்களை அறியாத தமிழன் உண்டோ? அவ்விரண்டையும் எறிந்துவிட்டு, பர், போ என்னும் அசைகளின்மேல் நம் உயிரைத் தொங்கவிட்டிருக்கிறோம்.

பிற நாட்டார் என்ன செய்கின்றனர்? செருமானியர் தம் பொதுமக்களிடம் நுரையீரல் அழற்சியைச் சொல்லும்போது, நுரையீரல் என்னும் தம் சொல்லோடு அழற்சி என்னும் தம் சொல்லையே ஒட்டுகின்றனர். குடல்வால் அழற்சிக்கும் அப்படியே; தொண்டைச் சதை அழற்சிக்கும் அப்படியே. அவர்களிடமும் சொற்கள் நீளந்தாம். ஒரே ஈற்றெழுத்துகளைக் கொண்டவைதாம். ஆனால் அவ்வீறு வீட்டுச் சொல். அடுப்படியில் நிற்கும் தாய்க்கும் அதன் பொருள் தெரியும். ஏறத்தாழ நான்கு இலக்கம் மக்களே வாழும் ஐசுலாந்தில், தொலைபேசிக்கு நூல் என்று பொருள்படும் தம் பழஞ்சொல்லொன்றைப் புதுக்கி வழங்குகின்றனர். எண்ணிக்கையில் சிறிய இனம் மானத்தால் பெரிதாகிறது. கோடிக்கணக்கில் வாழும் நாம்?

இனி, அந்தத் தந்தை கையிலிருந்த குப்பிக்கு வருவோம். இக்கட்டுரையின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது.

குளோர்பைரிபாசு, குயினால்பாசு, புரொபெனோபாசு, திரையசோபாசு, மோனோகுரோட்டோபாசு. இப்பெயர்கள் அனைத்தின் ஈற்றிலும் ஒரே ஒலி நிற்பதைப் பாருங்கள். பாசு! ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் ஒன்றிரண்டில் சற்றே வேறுபடினும் வால் ஒன்றே. கிரேக்கத்தில் அதற்கு ஒளி என்று பொருள். ஒளிதாங்கி எனப் பொருள்படும் பாசுபரசு என்னும் தனிமத்தின் பெயரிலிருந்து வந்தது. ஒளி என்னும் பெயர் பூண்ட அந்த வால், எத்தனையோ உழவர் வீடுகளை இருளாக்கிவிட்டது. இந்த வாலுடைய பூச்சிக்கொல்லிகள் ஒரே குடும்பம். அவை கொல்லும் முறையும் ஒன்றே.

நம் நரம்புகள் தசைக்கு ஆணை அனுப்பும்போது ஒரு வேதிப்பொருளை வெளியிடுகின்றன. வேலை முடிந்ததும் அதனை உடனே அழிக்க ஒரு நொதி உள்ளது. பாசு குடும்ப நஞ்சு அந்நொதியைப் பிடித்து முடக்கிவிடுகிறது. ஆணை நிற்பதில்லை, ஓயாது ஒலிக்கிறது. கண்ணின் பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கும். கண்ணீரும் எச்சிலும் வியர்வையும் பெருகும். வயிறு புரட்டிக் கக்கல் வரும். தசைகள் துடிக்கும். மூச்சுக்குழல் நீரால் நிறைந்து மூச்சு அடைக்கும். வாயால் உட்கொண்டால் மட்டுமன்று. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் இந்நஞ்சு உட்புகும். இதற்கு முறிமருந்து உண்டு. அட்ரோப்பின் என்னும் மருந்தை மருத்துவர் காலத்தில் ஏற்றினால் பலர் பிழைப்பர். அப்பெயருக்கும் ஒரு பொருள் உண்டு. உயிர்நூலை அறுப்பவள் என்று கிரேக்கர் கருதிய ஊழ்த்தெய்வத்தின் பெயர் அது. அறுப்பவள் பெயர் கொண்ட மருந்து, அறுந்துபோகும் உயிர்நூலை முடிந்து வைக்கிறது.

திரின் என்று முடியும் சைபர்மெத்திரின், டெல்டாமெத்திரின் ஆகியவையோ வேறு குடும்பம். ஒருவகைச் செவந்தியினப் பூவில் இயற்கையாயுள்ள நஞ்சைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அவற்றுக்குரிய பண்டுவம் வேறு. ஆகவே ஒருவர் மயங்கி விழுந்ததும், அவர் தெளித்தது பாசுவா, திரினா என்று சொல்லத் தெரிந்தவன் அவருக்கு உயிர் கொடுக்கிறான். நீலமூடிக் குப்பி என்று மட்டும் சொல்லத் தெரிந்தவனோ மருத்துவரை இருட்டில் தடவ விடுகிறான். குப்பியையே எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்று அறிந்தோர் சொல்வது இதனாற்றான்.

வாலை மட்டும் நம்பியும் பயனில்லை என்பதையும் மறைக்காமற் சொல்கிறோம். மாலத்தியான், டைமெத்தோவேட்டு, அசிபேட்டு ஆகியவை அவ்வாலின்றியே அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. களைக்கொல்லியான கிளைபோசேட்டின் நடுவில் அதே எழுத்துகள் இருந்தும், அஃது இவ்வாறு நரம்புநொதியை முடக்குவதன்று. ஆகவே எழுத்து ஒரு குறி, பொருளே வழி. பொருளைத் தாய்மொழியில் தந்தாலன்றிக் குறியால் மட்டும் காப்பில்லை.

இவ்வறியாமையின் விலை என்ன? 2013 சூலையில் பீகார் மாநிலம் சாரன் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நண்பகலுணவு உண்ட குழந்தைகளுள் 23 பேர் மாண்டனர். உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாசு. அந்நஞ்சு இருந்த கலத்தில் வைக்கப்பட்ட சமையல் எண்ணெய் வழியே அது வந்தது. அக்கலத்தின்மேல் அவ்வூரார் மொழியில், அவ்வூரார் கண்ணில் அறையுமாறு, 'இது நஞ்சிருந்த கலம். இதில் எதையும் ஊற்றாதே' என்று பெரிதாக எழுதியிருந்தால்? 2023-இல் தமிழ்நாட்டரசு மோனோகுரோட்டோபாசு, புரொபெனோபாசு, குளோர்பைரிபாசு, அசிபேட்டு முதலியவற்றின் விற்பனைக்கு 60 நாள் தடை விதித்தது. நஞ்சுண்டு மாள்வோர் தொகையைக் குறைக்கவே அத்தடை. நல்ல செயலே. தடை நாள் கணக்கில் முடியும், அறிவோ முடியாது.

சட்டம் இல்லாமலில்லை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதன்கீழ் 1971-இல் வந்த விதிகளும், குப்பியின் முகப்பிலும் உள்ளிடும் தாளிலும் வட்டார மொழியும் இடம்பெறவேண்டும் என்கின்றன. நச்சுத்தன்மையைக் காட்ட நிறக்குறியும் உண்டு. சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் கொடியது, நீலம் இடைப்பட்டது, பச்சை குறைந்தது. ஆனால் நாம் பார்த்த தாளில் இருந்த தமிழ் எது? எறும்பும் கண்ணாடி அணிந்து படிக்கவேண்டிய சிற்றெழுத்தில், ஆங்கிலச் சொற்களையே தமிழெழுத்தில் பெயர்த்து வைத்த ஒரு போலித்தமிழ். உடையை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா?

நம்மவர் குற்றமும் ஒன்றுண்டு. இந்நஞ்சுக்கு நாமே 'மருந்து' என்று பெயர் சூட்டிவிட்டோம்! மருந்தடித்தல், மருந்துக்கடை, மருந்துத் தெளிப்பான் என்று நாள்தோறும் சொல்கிறோம். நோய் தீர்ப்பது மருந்து. உயிர் போக்குவது நஞ்சு. தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டோம். மருந்து என்று சொல்லப்பட்ட ஒன்றைத் தொட்ட கையைக் கழுவ யாருக்குத் தோன்றும்? அதன் வெற்றுக் குப்பியில் தண்ணீர் மொள்ள யார் அஞ்சுவர்? ஒரு சொல்லைப் பிழையாக ஆண்டதற்கு உடல் தண்டனை பெறுகிறது. மொழித்தூய்மை ஏட்டுப் பேச்சன்று, அது உயிர்க்காப்பு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உண்மையான மருந்துகளிடத்தும் இதே நிலைதான். மருந்துகளின் பொதுப்பெயர்களுக்கு உலக நலவாழ்வு நிறுவனம் 1950 முதல் ஒழுங்கு செய்துவருகிறது. ஒரே குடும்ப மருந்துகளுக்கு ஒரே ஈறு என்பதே அவ்வொழுங்கு. சிலின் என்று முடிந்தால் பெனிசிலின் குடும்பம்: ஆம்பிசிலின், அமாக்சிசிலின், குளோக்சாசிலின். பெனிசிலின் ஒவ்வாத ஒருவருக்கு இவ்வால் கொண்ட எதுவும் பெருங்கேடு விளைக்கலாம். 'எனக்குப் பெனிசிலின் ஆகாது' என்று மட்டும் அறிந்த முதியவள், அமாக்சிசிலின் என்ற சீட்டைக் கண்டு எப்படி அஞ்சுவாள்? ஓலால் என்று முடியும் அட்டெனோலால், புரொப்பிரனோலால், மெட்டொபுரோலால் ஆகியவை நெஞ்சத் துடிப்பைத் தணிப்பவை. அவற்றுட் சில, ஈளை நோயுடையார்க்கு மூச்சிறுக்கத்தை உண்டாக்கலாம். மருந்தட்டையில் ஈற்றெழுத்து இருக்கிறது. ஆனால் அதன் பொருள் மருத்துவரின் தலைக்குள்ளும் ஆங்கிலத்தின் பூட்டுக்குள்ளும் இருக்கிறது. (அச்சங்கொண்டு மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்திவிடாதீர், ஒவ்வாமையையும் ஈளையையும் அவரிடம் தவறாது சொல்லுங்கள்.)

'இவற்றையெல்லாம் தமிழிற் சொன்னால் உலகத்தோடு ஒட்ட முடியுமா?' என்று சிலர் வினவுவர். குப்பியின்மேல் உலகப் பொதுப்பெயர் இருக்கட்டும். யாம் அழிக்கச் சொல்லவில்லை. அதனருகே அதன் குடும்பப் பெயரையும் வேலையையும் நல்ல தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் சொல்லுங்கள் என்கிறோம். குளோர்பைரிபாசு: நரம்பு முடக்கும் நஞ்சு. அமாக்சிசிலின்: பெனிசிலின் குடும்ப நுண்ணுயிர்க்கொல்லி. இதில் உலகம் எங்கே உடைந்துபோகிறது? நம் மக்கள் பிழைப்பிற்குப் போகும் சிங்கப்பூரிலேயே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக நிற்கவில்லையா? அயல்மண்ணில் நிற்கத் தெரிந்த தமிழ், தன் மண்ணின் குப்பியில் நிற்கக் கூடாதா?

'தமிழில் சொல் ஏது?' என்பது அடுத்த வினா. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்றார். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழிற் கொண்டுவந்தார். 1873-இல் நாடு திரும்புவதற்குள் அறுபதின் மேற்பட்ட மருத்துவரை உருவாக்கினார். அவர் ஆண்ட கலைச்சொற்களில் வடசொல் மிகுதிதான். அஃது அக்காலத்தின் குறை. ஆனால் தமிழால் முடியும் என்பதை வேற்றுநாட்டான் ஒருவன் நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்பே மெய்ப்பித்துவிட்டான். 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையை நாட்டினார். அதே 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொல்லாக்கத்துக்கென ஒரு கழகம் நிறுவினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் கலைச்சொற்றொகுதி வெளியிட்டது. 1974-இல் பாவாணர் தலைமையில் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கியது. சொல் இல்லாமலில்லை. சொல்லை ஆளும் உள்ளந்தான் இல்லை.

எழுத்தை மட்டும் மாற்றுவதும் மருந்தாகாது. 2022 அக்டோபரில் போபாலில் இந்தியில் மருத்துவ நூல்கள் வெளியிடப்பட்டன. அவற்றில் கலைச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலமாகவே, நாகரி எழுத்தில் இருந்தன. நாகரியில் எழுதிய ஐப்போகிளைசீமியா இந்திக்காரனுக்கும் விளங்காது. தமிழெழுத்தில் எழுதிய ஐப்போகிளைசீமியா தமிழனுக்கும் விளங்காது. 'குருதியினிப்புக் குறை' என்று எழுதினாலோ பட்டியில் மாடு பிடிப்பவனுக்கும் விளங்கும். அவ்வளவே வேறுபாடு.

ஆகவே நாம் வேண்டுவன இவை. ஒன்று: தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக் குப்பியிலும் 'நஞ்சு' என்னும் சொல்லும், அதன் குடும்பமும், முதலுதவியும், முறிமருந்தும் முகப்பிலேயே பெரிய தமிழெழுத்தில் இருக்கவேண்டும். இரண்டு: மருந்தட்டையிலும் மருத்துவச் சீட்டிலும் மருந்தின் குடும்பமும் பயனும் தமிழில் இருக்கவேண்டும். மூன்று: அறுவை இசைவுத்தாள் நல்ல தமிழில் இருக்கவேண்டும், நீக்கலா, திறத்தலா என்று நோயாளிக்குப் படித்துக் காட்டாது கையொப்பம் பெறக் கூடாது. நான்கு: பள்ளிகளில் ஆங்கில நெடுஞ்சொற்களை ஒப்பிக்கச் செய்வதை விடுத்து, அவற்றின் முன்னொட்டு, பின்னொட்டுகளின் பொருளைத் தமிழ் உறுப்புகளோடு இணைத்துக் கற்பிக்கவேண்டும். ஆங்கிலமும் நன்றாக வரும், தமிழும் ஓங்கும்.

அரசு செய்யும்வரை காத்திருப்பதும் அடிமைத்தனமே. அன்பர்களே, இம்மாதமே உங்கள் ஊரில் தொடங்குங்கள். குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் தெளிக்கப்படும் நஞ்சுகளின் பெயர்களை உங்கள் ஊர்க் கடையிற் கேட்டுத் தொகுத்திடுங்கள். வேளாண் அலுவலரையும் மருத்துவரையும் கலந்து, எது எக்குடும்பம் என்று பிழையற அறியுங்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கடைவாயிலிலும் கூட்டுறவு வங்கியிலும் தேநீர்க்கடையிலும் ஒட்டுங்கள். தெளித்தபின் உடையை மாற்றி வழலையிட்டுக் குளிக்கவும், மயக்கமுற்றால் குப்பியோடு மருத்துவமனைக்கு விரையவும், வெற்றுக் குப்பியை வீட்டுக்குள் விடாதிருக்கவும் அதில் எழுதுங்கள். 'மருந்தடித்தேன்' என்பாரிடம் அன்போடு, 'நஞ்சடித்தேன் என்று சொல்லுங்கள், அண்ணே' என்று திருத்துங்கள். முதலில் சிரிப்பார்; பிறகு கையைக் கழுவுவார்.

அச்சிறுமியை மீண்டும் நினைக்கிறோம். கூரிய நினைவாற்றல் உள்ள பிள்ளை அவள். நாற்பத்தைந்து எழுத்தை நெஞ்சில் நிறுத்தியவளுக்கு, பாசு என்னும் ஓரீற்றின் பொருள் தெரியாமற் போகுமா? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவே. அடுத்த ஆண்டு விழாவில் அவள் மேடையேறி, "என் தந்தை வயலில் தெளிப்பது நரம்பு முடக்கும் நஞ்சு, அதன் ஈறு பாசு, அதன் முறி அட்ரோப்பின்" என்று தமிழில் முழங்கட்டும். அன்று தட்டும் கைகளில் எம் கைகளும் இருக்கும். அத்தந்தையின் கைகளும் இருக்கும், கழுவிய கைகளாக!

சொல் தெளிந்தால் உயிர் தங்கும். தமிழ் தெளிந்தால் சொல் தெளியும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர்!